விக்டோரியா பென்னியில் ரகம் பார்ப்பது: எங்கே தொடங்குவது, எதுவரை போவது?

செம்புத்துட்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் லெஸ்டரில் வேலை பார்க்கிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு பெரியவரிடம் பிஸ்கட் டின் நிறையப் பழைய பென்னிகள் இருந்தன. மொத்தமாக வாங்கி வந்துவிட்டேன். முக்கால்வாசி விக்டோரியா ராணியின் இளவயது முகம் போட்ட வெண்கலப் பென்னி. தலைமுடியைக் கொண்டையாக முடிந்திருப்பதால் இங்கே 'பன் பென்னி' என்கிறார்கள். 1860இலிருந்து 1894 வரை வந்தவை. நல்ல தேய்மானம், சிலவற்றில் ஆண்டுதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை.

ஆண்டு வாரியாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 1860 என்று போட்ட இரண்டு காசுகளின் விளிம்பு ஒன்றுபோல் இல்லை. ஒன்றில் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன முத்துகள். இன்னொன்றில் முத்துக்குப் பதில் பல் பல்லாக இருக்கிறது. இணையத்தில் தேடினால் இலை எண்ணிக்கை, திரிசூலத்தின் நுனி, ஆண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி என்று போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் ஆண்டுகளை நிரப்பிவிட்டு அப்புறம் ரகத்துக்கு, அதாவது ஒரே ஆண்டுக் காசில் வரும் இந்தச் சின்ன வேறுபாடுகளுக்கு, வருவதா? அல்லது இப்போதே ரகம் பார்த்துப் பிரிக்க வேண்டுமா?

---

பழம்பணம் எழுதியது:

தம்பி, உங்கள் கண் சரியான இடத்தில்தான் போய் நின்றிருக்கிறது. பிரிட்டிஷ் வெண்கலக் காசில் ரகம் படிக்க 1860ஐவிட நல்ல ஆண்டு கிடையாது.

அதுவரை பென்னி செம்பு. கிட்டத்தட்ட 34 மில்லிமீட்டர் அகலம், 18.8 கிராம் எடை. பையில் நாலு போட்டால் பை தொங்கும். செம்பு மென்மையானது, சீக்கிரம் தேயும். அதனால் 1860இல் 95 பங்கு செம்பு, 4 பங்கு வெள்ளீயம், 1 பங்கு துத்தநாகம் கலந்த வெண்கலத்துக்கு மாறினார்கள். எடை பாதியாகி 9.45 கிராமுக்கு வந்தது, அகலம் 31 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. புது முகத்தைச் செதுக்கியவர் லெனார்ட் சார்லஸ் வயன். பழைய செம்புப் பென்னியில் ராணியின் முகத்தைச் செதுக்கிய வில்லியம் வயனின் மகன்.

நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த செம்பை மாற்றக் கோடிக்கணக்கில் காசு தேவைப்பட்டது. லண்டன் அரசு அக்கசாலையால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. பர்மிங்ஹாமில் ஜேம்ஸ் வாட் நிறுவனத்துக்கும் ஒப்பந்தம் கொடுத்தார்கள். இந்த அவசரத்தில் ஒரு சிக்கல். முத்து விளிம்பு வைத்துச் செய்த அச்சுகள் தாங்கவில்லை. அதே ஆண்டிலேயே பல் விளிம்புக்குப் போய்விட்டார்கள். உங்கள் கையில் இருக்கும் இரண்டு காசும் அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அடித்தவை.

இதில் மூன்றாவதும் உண்டு. மாற்றம் நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு பக்கம் பழைய முத்து அச்சு, மறுபக்கம் புதிய பல் அச்சு என்று கலந்து அடித்த காசுகள். அவை அரிது. ஆகவே உங்களிடம் உள்ள 1860 ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தலைப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடாதீர்கள்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆண்டை நிரப்பிவிட்டு அப்புறம் ரகம் என்று போகாதீர்கள். 1860, 1861 இரண்டை மட்டும் எடுத்து முழுதாகப் படியுங்கள். மற்ற ஆண்டுகள் டின்னிலேயே இருக்கட்டும், ஓடிவிடாது.

---

வைகைக்கரை எழுதியது:

பழம்பணம் ஐயா மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இதில் நான் வேறு கருத்து. முத்து விளிம்பு, பல் விளிம்பு சரி, வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. அது வடிவ மாற்றம். ஆனால் ராணியின் தலையில் இருக்கும் இலை மாலையில் 15 இலையா 16 இலையா என்று எண்ணுவதில் என்ன வரலாறு இருக்கிறது? நான் காசு சேர்ப்பது அந்தக் காலத்தைத் தெரிந்துகொள்ள. யார் ஆண்டார், என்ன விலைவாசி, எந்த உலோகம், இவைதான் எனக்கு முக்கியம். லென்ஸ் வைத்து இலை எண்ணும் பழக்கத்தை வளர்த்துவிட்டவர்கள் வியாபாரிகள். ஒரே காசை இருபது விதமாகப் பிரித்தால் இருபது காசு விற்கலாம் அல்லவா?

புதிதாக வரும் பிள்ளைகள் இதில் இறங்கிப் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்கிறேன். முதலில் ஆண்டுகளை நிரப்புங்கள் தம்பி. 1869 கிடைப்பதே கஷ்டம். அதைத் தேடிப் பிடிப்பதில் இருக்கும் சந்தோஷம் இலை எண்ணுவதில் வராது.

---

பழம்பணம் எழுதியது:

வைகைக்கரை, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. விலையைப் பற்றிச் சொன்னதில் எனக்கும் பாதிக்கு மேல் உடன்பாடுதான். ஆனால் இலைக்கு வருகிறேன்.

காசு அடிக்கும் அச்சு எங்கிருந்து வருகிறது? முதலில் ஒரு மூலம் செதுக்குவார்கள். அதிலிருந்து அடுத்தடுத்து நகல் எடுத்துத்தான் பட்டறையில் காசு அடிக்கும் அச்சு வரை வரும். மூலத்தில் இருந்து வந்த எல்லா அச்சிலும் ஒரே இலைதான் இருக்கும். இலை எண்ணிக்கை மாறினால் யாரோ மறுபடி உட்கார்ந்து புது மூலம் செய்திருக்கிறார்கள் என்று பொருள். 1860, 61 காசுகளில் 15 இலை 16 ஆகிறது. தோள் துணியில் இருந்த வயனின் கையெழுத்து காணாமல் போகிறது. ஆக, ஓயாமல் ஏதோ திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது காசிலேயே பதிந்திருக்கிறது. அரசர் பெயரும் உலோகமும் இதைச் சொல்லாது.

ஆண்டு எண்ணின் கதை வேறு. விக்டோரியா காலத்தில் கடைசி எண்ணைத் தனியாகக் கையால் அச்சில் அடித்துச் சேர்த்தார்கள். அதனால்தான் அகல இடைவெளி, குறுகிய இடைவெளி என்ற ரகங்கள் வருகின்றன. முந்தைய ஆண்டு மிச்சம் இருந்த அச்சை வீணாக்காமல் பழைய எண்ணின் மேலேயே புது எண்ணை அடித்தார்கள். செம்புப் பென்னியில் 1848இன் கடைசி எட்டுக்கு அடியில் 7 தெரிவது உண்டு. 1860ஆம் ஆண்டுச் செம்புப் பென்னி என்று ஒன்று இருக்கிறது, மிக அரிது, அது 59இன் மேல் 60 அடித்தது. வெண்கலம் வரப்போகிறது என்று தெரிந்தும் பழைய அச்சைத் தூக்கிப் போட மனம் வராத பட்டறை அது. எனக்கு இது வரலாறுதான்.

---

லென்ஸ்கண் எழுதியது:

பழம்பணம் ஐயா சொன்னதோடு ஜார்ஜ் அரசர் காலத்து உதாரணம் ஒன்றைச் சேர்க்கிறேன். வைகைக்கரை அண்ணன் இதைப் பார்த்தால் கொஞ்சம் மனம் மாறலாம்.

ஐந்தாம் ஜார்ஜ் பென்னியின் பூப்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். திரிசூலத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண் உருவம் பிரிட்டானியாவுக்குப் பின்னால் மங்கலாக ஒரு தலை நிழல் தெரியும். அரசரின் முகம் ரொம்பப் பெரிதாகவும் மேடாகவும் இருந்ததால், அடிக்கும்போது உலோகம் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு மறுபக்கம் பள்ளமாகிவிட்டது. இதைச் சரிசெய்யப் பல வருஷம் போராடினார்கள். 1926இல் முகத்தைத் திருத்தினார்கள். கழுத்து வெட்டில் இருக்கும் செதுக்குநர் மெக்கென்னலின் முதலெழுத்துகள் பி.எம். இடம் மாறி, புள்ளிகள் போய்விட்டன. அந்த ஆண்டின் பென்னியில் பழைய முகமும் உண்டு, திருத்திய முகமும் உண்டு; திருத்தியது கிடைப்பது கஷ்டம். 1928இல் தலையையே சிறிதாக்கினார்கள், நிழல் தொல்லை அடங்கியது. இரண்டு எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பது அற்ப விஷயம்போலத் தோன்றும். ஆனால் அதன் பின்னால் இருப்பது ஒரு பெரிய தொழில்நுட்பச் சிக்கல்.

இன்னொரு எளிய உதாரணம் 1902. ஏழாம் எட்வர்டின் முதல் ஆண்டு. பிரிட்டானியாவின் பின்னால் உள்ள கடல் மட்டம் கால்கள் குறுக்கிடும் இடத்துக்கு நேராக இருந்தால் சாதாரணம். அதற்குக் கீழே இறங்கி இருந்தால் 'தாழ்ந்த அலை' ரகம், குறைவாகத்தான் வரும். லென்ஸே தேவையில்லை.

---

வைகைக்கரை எழுதியது:

நிழல் விஷயம் எனக்குப் புதிது. என்னிடம் 1917, 1919 இருக்கின்றன, சாய்த்துப் பார்த்தேன், தலை தெரிகிறது. ஒத்துக்கொள்கிறேன், அது சும்மா விஷயம் இல்லை.

ஆனால் எல்லை எங்கே? 1897 பென்னியில் 'ஒன்' (ONE) என்ற சொல்லின் O, N எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளி இருந்தால் தனி ரகம் என்று விலை வைக்கிறார்கள். 1860இல் ஈ எழுத்தின் கீழ்க்கோடு உடைந்து எஃப் மாதிரி ஆகிவிட்ட காசுக்கும் அப்படியே. இவை அச்சில் விழுந்த விரிசல், உடைசல். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. இதையுமா சேர்க்க வேண்டும்?

---

லென்ஸ்கண் எழுதியது:

நான் அந்தப் புள்ளியைச் சேர்க்கிறேன். அடையாளம் காண முடிகிறது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு குறிப்பிட்ட அச்சைச் சுட்டிக்காட்டுகிறது. எனக்கு அது போதும். 1946இல் 'ஒன்' சொல்லுக்குப் பின்னால் ஒரு மேற்கோள் குறி மாதிரி விழுந்த வடு இருக்கிறது. அதையும் வைத்திருக்கிறேன்.

---

பழம்பணம் எழுதியது:

நான் சேர்ப்பதில்லை. இதில் லென்ஸ்கண்ணும் நானும் எப்போதும் ஒத்துப்போனதில்லை.

மனிதர் முடிவெடுத்துச் செய்த மாற்றம் ஒன்று: புது மூலம், புது முகம், அடியில் ஒரு எழுத்து, மேலே அடித்த எண். தேய்ந்து உடைந்து தானாக வந்தது மற்றொன்று. முதலாவதை ரகம் என்கிறேன். இரண்டாவது அந்த அச்சுக்கு வயதானதன் அடையாளம். அதைப் பார்த்து ரசிக்கலாம், தனியாகக் காசு கொடுத்து வாங்க மாட்டேன். அச்சு உடைசலைச் சேர்க்கத் தொடங்கினால் முடிவே இருக்காது, ஒவ்வொரு அச்சும் ஒவ்வொரு விதமாகத்தான் உடையும்.

மைக்கேல் ஃப்ரீமன் வெண்கலக் காசுகளை வகைப்படுத்தியபோது தலைப்பக்கத்துக்கு எண், பூப்பக்கத்துக்கு எழுத்து என்று வைத்தார். '6 + ஜி' என்றால் ஆறாவது தலை, ஜி என்ற பூ. உலகம் முழுக்க இன்றும் பென்னி சேர்ப்பவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். 1558 முதலான செம்பு, வெள்ளீயக் காசுகளுக்குப் பிரிட்டிஷ் மியூசியம் சேகரிப்பை வைத்துப் பெக் என்பவர் செய்த பட்டியல் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்த இரண்டு வேலி போதும் என்பது என் கருத்து.

---

வல்லைவெளி எழுதியது:

வணக்கம் அண்ணைமாரே. நான் டொராண்டோவில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணப் பக்கம். எல்லாரும் பென்னியிலேயே நிற்கிறீர்கள். எங்களுக்குச் சொந்தம் உள்ள பிரிட்டிஷ் செம்புக் காசைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

ஃபார்திங் என்பது பென்னியில் கால் பங்கு. அதிலும் பாதியாக அரை ஃபார்திங்கை 1828இல் அடித்தது இலங்கைக்காக. அங்கே அவ்வளவு சிறு தொகைக்குத் தேவை இருந்தது. 1842இல்தான் அது இங்கிலாந்திலும் செல்லும் என்று ஆக்கினார்கள். அதிலும் சின்னது கால் ஃபார்திங். 1839, 1851, 1852, 1853 ஆண்டுகளில் வந்தது, இலங்கைக்கு மட்டும். 13.5 மில்லிமீட்டர்தான் அகலம், சட்டைப் பொத்தான் அளவு. ஒரு பென்னிக்கு 16 வேண்டும். இலங்கையின் பெயர் ஒரு மூலையிலும் இருக்காது. ராணியின் தலையும் பிரிட்டிஷ் கிரீடமும்தான். அதனால் பட்டியல்களில் இதைப் பிரிட்டிஷ் காசுக்குள்ளேயே போடுகிறார்கள். ஊரில் இது கைமாறின காலத்தில் இதை வைத்து என்ன வாங்கியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பேன்.

ரகம் இதிலும் இருக்கிறது. 1844 அரை ஃபார்திங்கில் 'ரெஜினா' என்ற சொல்லைப் பாருங்கள். முதலில் தவறுதலாக N எழுத்தை அடித்துவிட்டு, அதன் மேல் E அடித்துத் திருத்திய அச்சு ஒன்று உண்டு. 10 மடங்கு லென்ஸில் கனக்க நேரம் பார்க்க வேண்டாம், சாய்வான கோடு உடனே தெரியும். விலையும் கையைக் கடிக்காது. பென்னிக்கு ஆயிரம் பேர் போட்டி போடுகிற இடத்தில் இதற்கு ஆள் குறைவு.

---

வைகைக்கரை எழுதியது:

வல்லைவெளி, அருமை. இதே மாதிரி எங்கள் பக்கத்துக்கும் ஒன்று இருக்கிறது. பர்மிங்ஹாமில் மேத்யூ போல்ட்டன் சோஹோ ஆலையில் நீராவி எந்திரம் வைத்து 1797இல் அந்தக் கனத்த வண்டிச்சக்கரப் பென்னியை அடித்தார் அல்லவா, அதே ஆலையில்தான் மதராஸ் மாகாணத்துக்கான செம்புக் காசுகளும் அடிக்கப்பட்டன. 1808 என்று போட்ட 10, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. பல ஆண்டுகளுக்குப் பின் அதிலிருந்து எடுத்த காசுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. என்னிடம் ஒன்று இருக்கிறது. மதராஸ் வந்து சேராத மதராஸ் காசு.

---

செம்புத்துட்டு எழுதியது:

இத்தனை விவரம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாருக்கும் நன்றி.

1860 எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் பார்த்தேன். கலப்பு எதுவும் இல்லை. ஆனால் வேறு ஒன்று. 1882 பென்னி நாலு இருக்கிறது. மூன்றில் ஆண்டுக்குக் கீழே ஹெச் எழுத்து இருக்கிறது. நாலாவதில் இல்லை! ஹெச் இல்லாத 1882 மிக மிக அரிது என்று படித்தேன். கை நடுங்குகிறது. என்ன செய்யட்டும்?

---

பழம்பணம் எழுதியது:

முதலில் நிதானமாக உட்காருங்கள்.

ஹெச் என்பது பர்மிங்ஹாம் ஹீட்டன் ஆலையின் அடையாளம். 1874, 75, 76, 81, 82 பென்னிகளில் ஆண்டுக்குக் கீழே வரும். 1882இல் லண்டன் டவர் ஹில் அக்கசாலையைப் புதுப்பிக்க மூடியிருந்தார்கள். அதனால் அந்த ஆண்டுப் பென்னி கிட்டத்தட்ட எல்லாம் ஹீட்டன் வேலை. ஹெச் இல்லாதது அரிதாக இருப்பதன் காரணம் இதுதான், ஏமாற்றுக்காரர்கள் ஹெச்சைச் சுரண்டி எடுப்பதன் காரணமும் இதுதான். சுரண்டாமலே தேய்ந்து போவதும் உண்டு. அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பசை அடைத்துக்கொண்டு எழுத்து மங்கலாக விழுவதும் உண்டு.

அறை விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரே ஒரு சின்ன விளக்கைக் காசின் மட்டத்துக்குப் பக்கவாட்டில் வையுங்கள். காசை மெதுவாகச் சுழற்றுங்கள். எழுத்து இருந்திருந்தால் ஏதாவது ஒரு கோணத்தில் கால் இரண்டும் நிழலாகத் தெரியும். சுரண்டியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் பள்ளமோ கீறலோ நிறமாற்றமோ இருக்கும். இரண்டும் இல்லையென்றால், ஃப்ரீமன் குறித்திருக்கும் தலை-பூ ஜோடியோடு உங்கள் காசு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நிபுணரிடம் போவது.

முக்கியமாக, அதைத் துடைக்காதீர்கள்.

---

லென்ஸ்கண் எழுதியது:

கடைசி வரிக்கு என் கையெழுத்தும். நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிய காசுகளைக் கண்காட்சிகளில் பார்க்கும்போது வயிறு எரிகிறது. செம்பின் மேல் படியும் அந்தப் பழுப்புத் தோல் உருவாகப் பல தலைமுறை ஆகும். ஒரு முறை போனால் போனதுதான். பிசுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். பச்சைக் களிம்பு பூத்திருந்தால் மற்ற காசுகளோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடவே வேண்டாம், அதுவே களிம்பை உண்டாக்கும்.

இன்னொன்று. கறுப்பாக இருக்கிறது என்பதற்காக அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 1897 முதல் பல ஆண்டுகள் ஃபார்திங்கை அக்கசாலையே கறுக்கச் செய்துதான் வெளியே விட்டது. புதிதாகப் பளபளக்கும் ஃபார்திங்கை அரை சாவரின் தங்கக் காசு என்று ஏமாற்றித் தள்ளிவிடுவார்கள் என்ற பயம், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. 1944 முதல் 46 வரையான பென்னிகளும் அப்படித்தான், கறுப்பேற்றி வந்தவை. அவற்றைத் துலக்கினால் அக்கசாலை கொடுத்த நிறத்தையே அழித்துவிடுகிறோம்.

---

செம்புத்துட்டு எழுதியது:

பார்த்தேன். விளக்கை ஜன்னல் பக்கமாக வைத்துச் சுழற்றியபோது ஒரு கோணத்தில் ஹெச்சின் இடது காலும் நடுக்கோடும் லேசாகத் தெரிந்தன. சுரண்டல் அடையாளம் எதுவும் இல்லை. ஆக, தேய்ந்த ஹெச். ஏமாற்றம் உண்டு, ஆனால் அந்தக் கோடு தெரிந்த நிமிஷம் ரொம்ப நன்றாக இருந்தது.

அதே விளக்கில் மற்றவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். 1865 ஒன்றில் 5இன் வளைவுக்குள் இன்னொரு வளைவு தெரிகிறது. படம் இணைத்திருக்கிறேன்.

---

பழம்பணம் எழுதியது:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 5க்கு அடியில் 3 இருக்கிறது. 1863இல் மிச்சமான அச்சை 1865 ஆக்கியது. ஃப்ரீமன் பட்டியலில் உள்ள ரகம்தான். சாதாரண 1865ஐவிட நல்ல மதிப்பு உண்டு, தேய்ந்திருந்தாலும். தனி உறையில் போட்டு எழுதி வையுங்கள்.

உங்கள் டின்னில் 1863 இருந்தால் அவற்றின் ஆண்டுக்குக் கீழேயும் பாருங்கள். சில காசுகளில் 2, 3, 4 என்று குட்டியாக அச்சு எண் இருக்கும். அதுவும் மிக அரிது. எதிர்பார்க்காதீர்கள், ஆனால் பார்க்காமலும் விடாதீர்கள்.

---

வைகைக்கரை எழுதியது:

செம்புத்துட்டு தம்பிக்கு வாழ்த்துகள். அந்த 3ஐப் படத்தில் நானும் பார்த்தேன், தெளிவாகவே இருக்கிறது.

என் கருத்தை முழுதாக மாற்றிக்கொள்ளவில்லை. உடைசலுக்கு விலை கொடுப்பதை இன்னும் ஏற்கவில்லை, அதில் பழம்பணம் ஐயா பக்கம் நிற்கிறேன். ஆனால் என் ஐந்தாம் ஜார்ஜ் பெட்டியை எடுத்து வைத்திருக்கிறேன். 1912, 1918, 1919 ஆண்டுகளில் ஆண்டுக்கு இடது பக்கம் ஹெச் வரும் என்றும், 18, 19இல் கிங்ஸ் நார்ட்டன் ஆலையின் கே.என். வரும் என்றும் தெரியும், ஆனால் என் காசுகளை அப்படிப் பார்த்ததே இல்லை. கே.என். தேய்ந்த காசில் கண்ணுக்குப் பிடிபடுமா?

---

லென்ஸ்கண் எழுதியது:

பிடிபடும் அண்ணே, ஆனால் ஹெச்சைவிடக் கஷ்டம். எழுத்து சன்னம், சீக்கிரம் அமுங்கிவிடும். அதே பக்கவாட்டு விளக்கு முறைதான். முதலில் 1918ஐப் பாருங்கள். 1919 கே.என். இன்னும் அரிது, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

செம்புத்துட்டு எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். மற்ற ஆண்டுகளை டின்னில் திருப்பிப் போட்டாயிற்று. 1860உம் 1861உம் மட்டும் மேசையில். ஃப்ரீமன் பட்டியல் இங்கே நூலகத்தில் இருக்கிறதா என்று சனிக்கிழமை கேட்டுப் பார்ப்பேன். வல்லைவெளி அண்ணா, கால் ஃபார்திங் ஒன்று வாங்கலாம் என்றும் ஆசை வந்துவிட்டது, எந்த ஆண்டு முதலில் தேடலாம்?

---

வல்லைவெளி எழுதியது:

1851 அல்லது 1853. 1852உம் சரிதான். கையில் வரும்போது தவறவிட்டுவிடாதீர்கள், தரையில் விழுந்தால் தேடி எடுப்பது பெரும்பாடு.

---

பழம்பணம் எழுதியது:

1861ஐ இரண்டு குவியலாகப் பிரியுங்கள்: தோள் துணியில் கையெழுத்து உள்ளவை, இல்லாதவை. கையெழுத்து இல்லாத குவியலில் தலைப்பக்கம் நன்றாகத் தெரிகிறவற்றை மட்டும் படமெடுத்துப் போடுங்கள், பக்கவாட்டு வெளிச்சத்தில். இலைகளை நாம் இங்கேயே சேர்ந்து எண்ணலாம்.